பானெட்டை வெட்டுவதற்கு முன்: என்ஜின் சூட்டைக் குறைக்க ஸ்கூப் வைக்க நினைப்பவர்களுக்கு

ஜீப், பொலிரோ, ஜிப்சி, பழைய தார் வைத்திருப்பவர்கள் கோடையில் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி: பானெட்டில் ஒரு ஸ்கூப் (காற்றுக்காக ஒரு பக்கம் வாய் திறந்த மூடி) வைத்தால் சூடு இறங்குமா? சரியான இடத்தில் சரியான திசை பார்த்து வைத்தால் இறங்கும். தப்பாக வைத்தால் கூலண்ட் சூடு முன்பைவிட ஏறும், மழையில் ஆல்டர்னேட்டர் நனையும், வண்டியை விற்கப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று பேச்சு வரும். வெட்டிய தகட்டைப் பழையபடி ஒட்ட முடியாது. அதனால் வரிசை மாறாமல் செய்யுங்கள்.

இங்கே சொல்வது என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், பானெட்டுக்கடியில் இடம் உள்ள வண்டிகளுக்கு. குறுக்கு என்ஜின் வைத்த சின்னக் கார்களுக்கு முதல் இரண்டு படிகள் போதும். அவற்றில் என்ஜினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ.வும் ஃப்யூஸ் பெட்டியும் பானெட்டுக்கு நேர் கீழேயே இருக்கும். அங்கே ஓட்டை போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

1. எது சூடாகிறது என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டு சூடு உண்டு. ஒன்று கூலண்டின் சூடு. மற்றது பானெட்டுக்கடியில் அடைபட்டு நிற்கும் காற்றின் சூடு. ஸ்கூப்போ லூவரோ (சாய்ந்த பட்டைகள் வைத்த காற்று வழி) உதவுவது இரண்டாவதற்குத்தான். மீட்டர் முள் சிவப்பை நோக்கிப் போகிறதென்றால் அது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் இவற்றில் ஒன்றின் கோளாறு. அதை விட்டுவிட்டு பானெட்டை வெட்டினால் ஒரு மாசம் நிம்மதியாக இருக்கும், பிறகு ஹெட் கேஸ்கட் போகும்.

காற்றுச் சூட்டின் அறிகுறிகள் வேறு: சிக்னலில் நின்றால் ஏசி குளிர் குறைவது, கியர் லீவர் பக்கம் கால் சுடுவது, ஒயர் கனெக்டர்கள் நொறுங்குவது, பேட்டரி சீக்கிரம் சாவது, கார்ப்ரேட்டர் பெட்ரோல் வண்டி சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் ஆக மறுப்பது.

அளக்காமல் எதையும் தொடாதீர்கள். ஓ.பி.டி. சாக்கெட் (வண்டியின் கணினியைப் படிக்க உதவும் சாக்கெட்) உள்ள வண்டியென்றால் ஒரு ப்ளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். கூலண்ட் சூடு, உள்ளிழுக்கும் காற்றின் சூடு இரண்டும் தெரியும். சாக்கெட் இல்லாத பழைய ஜீப்புக்கு, ஒயர் முனையில் சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் மீட்டர் வாங்குங்கள், இரண்டு சேனல் உள்ளதாக. ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். ஒரு ஒயரின் முனை ஏர் ஃபில்டர் வாய் அருகில், இன்னொன்று ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) பக்கம் பேட்டரியின் உயரத்தில். முனை எந்த இரும்பையும் தொடக்கூடாது, காற்றில் தொங்க வேண்டும்.

மூன்று நிலையில் எடுங்கள்: 60 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம் சீராக ஓட்டிய முடிவில். ஏசி போட்டு 10 நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு. என்ஜினை அணைத்த 15 நிமிடம் கழித்து. மூன்றாவது எண்தான் பலரை ஆச்சரியப்படுத்தும். வண்டி நின்ற பிறகுதான் பானெட்டுக்கடியில் சூடு உச்சிக்குப் போகும். ஃபேனும் இல்லை, காற்றோட்டமும் இல்லை, மேனிஃபோல்டும் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) டர்போவும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அன்றைய வெளிச்சூட்டையும் எழுதி வையுங்கள். 30 டிகிரி நாளில் எடுத்த எண்ணையும் 38 டிகிரி நாளில் எடுத்ததையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. வெளிச்சூட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிடுங்கள்.

2. வெட்டாமல் தீர்ப்பவை

பாதி வண்டிகளுக்கு இந்தப் படியிலேயே வேலை முடிந்துவிடும். சொல்லப்போனால் டிங்கர் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு இதில் கூலி இல்லை.

ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கைப் பாருங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும். இடுக்கில் தூசியும் பூச்சியும் சருகும் படிந்து கம்பளியாகி இருக்கும். தண்ணீரை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

அடுத்தது ஃபேன் ஷ்ரவுட், அதாவது ஃபேனைச் சுற்றியுள்ள கூடு. உடைந்ததென்று கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் ரேடியேட்டரின் நடுவட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலேயும் கம்பெனியில் ஒட்டிய ஃபோம் பட்டைகள் உதிர்ந்திருந்தால் சூடான காற்று பக்கவாட்டில் சுற்றி மறுபடி முன்னால் வந்து ரேடியேட்டருக்குள்ளேயே நுழையும். நூறு, இருநூறு ரூபாய் ஃபோம் பட்டை இதைச் சரிசெய்யும்.

கிரில்லை மறைக்கும் ஹாரன், கூடுதல் விளக்கு, பம்பர் கார்டு எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். கார்டு விஷயத்தில் 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுதிவிட்டது, எப்படியும் கழற்ற வேண்டியதுதான்.

மேனிஃபோல்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஹீட் ஷீல்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் போல்ட் ஓட்டை மட்டும் இருந்தால் அந்தத் தகட்டைத் தேடிப் பிடித்து மாட்டுங்கள். சைலன்சர் நாடாவை வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் சுற்ற வேண்டாம். சூடு உள்ளேயே அடைபட்டு விரிசல் விடும். ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

ஏற்கெனவே கம்பெனி ஸ்கூப் உள்ள வண்டியா? முதல் தலைமுறை ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ எம்ஹாக், சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். இவற்றில் ஸ்கூப் இருப்பது என்ஜின் மேல் படுத்திருக்கும் இன்டர்கூலருக்காக (டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது). என்ஜின் அறையைக் குளிர்விக்க அல்ல. ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் உள்ள ரப்பர் சீல் கிழிந்திருந்தால் காற்று இன்டர்கூலருக்குள் போகாமல் பக்கவாட்டில் ஒழுகிவிடும். புது சீல் போடுங்கள், சருகைத் தட்டுங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

இதெல்லாம் செய்த பிறகு முதல் படியின் மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

3. காற்று எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரேடியேட்டருக்குள் காற்று போக வேண்டுமானால் முன்னால் அழுத்தம் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். முன்பக்கம் வாய் திறந்த ஸ்கூப்பை வைத்து என்ஜின் அறைக்குள் இன்னும் காற்றைத் திணித்தால் ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். விளைவு, ரேடியேட்டர் வழியே போகும் காற்று குறையும். “ஸ்கூப் வைத்ததும் ஹைவேயில் முள் ஏறுது” என்று சொல்வோரின் கதை இதுதான். சமையலறைப் புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கிறோம், உள்பக்கம் ஊதும் ஃபேனை யாரும் வைப்பதில்லை. இங்கேயும் உங்களுக்கு வேண்டியது வெளியேறும் வழி.

பானெட்டின் முன்விளிம்பைத் தாண்டியவுடன் காற்று வளைந்து திரும்பும் இடத்தில் அழுத்தம் குறைவு. கண்ணாடியின் அடிப்பகுதியில் கூடுதல். ஜீப் மாதிரி நிமிர்ந்த கண்ணாடி உள்ள வண்டியில் அந்தக் கூடுதல் அழுத்தம் பானெட்டின் பின்பாதி வரை வந்து நிற்கும். அதனால் சூட்டை வெளியே விடும் வழி பானெட்டின் முன் மூன்றில் ஒரு பங்கில், ஃபேனுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பானெட் கீலில் வாஷர் வைத்துப் பின்விளிம்பைத் தூக்கிவிடும் பழக்கம் இந்தக் கணக்கில் தோற்றுவிடும்: ஓடும்போது அங்கே காற்று உள்ளேதான் போகும், நிற்கும்போது டீசல் வாடை கேபினுக்குள் வரும், லாக்கும் சரியாக உட்காராது.

வேகமும் முக்கியம். எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடியில் ஏறும். அந்த அழுத்தம் குழாயில் தண்ணீரை எவ்வளவு உயர்த்தும் என்று சொன்னால் 100 கி.மீ. வேகத்தில் சுமார் 47 மி.மீ., 40 கி.மீ.யில் ஏழரை மி.மீ., 20 கி.மீ.யில் இரண்டுக்கும் கீழே. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறும்போது எந்த ஸ்கூப்பும் காற்றைப் பிடித்து உள்ளே தள்ளாது. அங்கே வேலை செய்வது ஃபேனும், சூடான காற்று தானாக மேலே எழும்பும் குணமும்தான். மேல்பக்கம் திறந்த வழி அதற்கு உதவும்.

உங்கள் வண்டியில் எந்த இடம் சரி என்று கண்டுபிடிக்க நாலு மீட்டர் மெல்லிய ஒளிபுகும் டியூப் போதும். யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, ஸ்கேல் ஒட்டி, கலர் கலந்த தண்ணீரைப் பாதி உயரம் ஊற்றுங்கள். ஒரு முனை பானெட்டுக்கடியில், ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில். மறுமுனையை எம்-சீல் வைத்து அடைத்து, நுனியிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் 1 மி.மீ. ஓட்டை போட்டு, நுனி முன்பார்த்து இருக்கும்படி பானெட்டின் மேல் டேப்பால் ஒட்டுங்கள். ஓட்டை மேல்பார்த்து இருக்கட்டும். வெறிச்சோடிய நேர்ச் சாலையில் 80 கி.மீ. வேகம் போங்கள், படிப்பது பக்கத்தில் உட்கார்ந்தவர் வேலை, ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. பானெட் மேலிருந்து வரும் குழாயில் தண்ணீர் ஏறினால் அந்த இடத்தில் காற்று வெளியே வரும். இறங்கினால் உள்ளே போகும். ஐந்தாறு இடங்களில் ஒட்டிப் பாருங்கள். அதிகம் ஏறுகிற இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள்.

4. எந்த வகை

சாய்ந்த பட்டைகள் பின்பார்த்துத் திறக்கும் லூவர் ஜோடியே முதல் தேர்வு. பின்பக்கம் வாய் திறந்த ஸ்கூப் இரண்டாவது. குறி வைத்த இடத்தில் மட்டும் வேலை செய்யும், டிரைவர் பார்வையையும் கொஞ்சம் மறைக்கும். டேப்பில் ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்கூப் வெறும் அலங்காரம். அடியில் ஓட்டையே இல்லாததற்குக் காசு கொடுத்துச் சூட்டைக் குறைக்க முடியாது.

இரண்டு லூவரும் பானெட்டின் நடுக்கோட்டை விட்டு இருபுறமும் தள்ளி இருக்கட்டும். நடுவில் வைத்தால் வெளியேறும் சூடு நேராகக் கண்ணாடி அடியில் உள்ள கேபின் காற்று வழிக்குள் போகும். ஏசியை வெளிக்காற்றில் வைத்து ஓட்டுபவர்களுக்குத் தொல்லை. ஒவ்வொன்றும் 250 மி.மீ.க்கு 120 மி.மீ. அளவில் தொடங்குங்கள். லூவரின் திறந்த பரப்பு தகட்டின் பரப்பில் ஏறத்தாழ பாதிதான் என்பதை மறக்க வேண்டாம்.

5. காகித வேலை, வெட்டுவதற்கு முன்பே

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதி செய்தது. அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பானெட் லூவர் இதில் அடங்குமா என்பதை டிங்கரோ நண்பரோ முடிவு செய்ய முடியாது. பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கொண்டு போக வேண்டியவை: ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாளச் சான்று, பானெட்டின் இப்போதைய புகைப்படம் நாலு கோணத்தில், லூவரின் அளவுகளோடு ஒரு படம், வண்டியின் நீளம் அகலம் உயரம் மாறவில்லை என்ற குறிப்பு. கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அனுமதி கிடைத்து வேலை முடிந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அனுமதி மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டாம் படியோடு திருப்தி அடைவதே லாபம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி பாலிசியில் பதியச் சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்தால் க்ளெய்ம் சிக்கலாகும். வாரண்டி உள்ள வண்டியை வெட்டவே வேண்டாம்.

6. உங்கள் பானெட்டை வெட்டாதீர்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் பணம் மிச்சப்படுத்தும் யோசனை. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய பானெட் ஒன்று வாங்கி அதை வெட்டுங்கள். அசலைத் துணி சுற்றி வீட்டில் வையுங்கள். வேலை கெட்டாலும், விற்கும்போது கேள்வி வந்தாலும், நாலு போல்ட்டில் பழையபடி ஆகிவிடும். வாங்கும்போது கீல் பகுதியில் வெல்டிங் தழும்பு, உள்சட்டத்தில் துரு, விளிம்பில் பட்டி கனம் இருக்கிறதா பாருங்கள். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி. பில் கேட்டு வாங்குங்கள், திருட்டு உதிரி உங்கள் தலையில் விழக் கூடாது.

செலவுக்கு மதிப்பாக ஒதுக்குங்கள்: பானெட் 3,000 முதல் 8,000, லூவர் ஜோடி 1,500 முதல் 4,000, பெயிண்ட் 4,000 முதல் 8,000, போல்ட் ரப்பர் சீலண்ட் வகைக்கு ஆயிரம். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். வெட்டவும் பொருத்தவும் ஒரு முழு நாள், பெயிண்ட் கடையில் மூன்றிலிருந்து ஐந்து நாள். மாசி, பங்குனியில் முடித்தால் கத்திரி வெயிலுக்குத் தயார். ஐப்பசியில் ஆரம்பித்தால் பெயிண்டும் காயாது, தண்ணீர் வேலையும் அரைகுறையாகும்.

7. வெட்டுதல்

பானெட்டை வண்டியிலிருந்து கழற்றி, மரச்சட்டத்தில் போர்வை விரித்து அதன்மேல் வைத்துத்தான் வெட்ட வேண்டும். வண்டியிலேயே வைத்து கிரைண்டர் போட்டால் தீப்பொறி கண்ணாடியில் குத்தி நிற்கும். அந்தப் புள்ளிகள் எந்தப் பாலிஷுக்கும் போகாது.

உள்பக்கச் சட்டங்களை முதலில் மேலே வரைந்துகொள்ளுங்கள். சட்டத்தையும் லாக் பகுதியையும் கீல் பகுதியையும் தொடவே கூடாது. பானெட் விறைப்பாக நிற்பதும் மோதலில் மடிய வேண்டிய இடத்தில் மடிவதும் அந்தச் சட்டங்களால்தான். குறி வைத்த இடத்தில் சட்டம் வந்தால் லூவரை நகர்த்துங்கள் அல்லது சின்னதாக வாங்குங்கள்.

அட்டை டெம்ப்ளேட் வெட்டி வைத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கோடு போடுங்கள். நாலு மூலையிலும் 20 மி.மீ. ஹோல் சா போட்ட பிறகு ஜிக்சாவில் மெல்லிய பல் உள்ள இரும்பு பிளேடு போட்டு மூலைகளை இணையுங்கள். மூலை கூர்மையாக விட்டால் அதிர்வில் அங்கிருந்தே விரிசல் ஓடும். கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளே வெட்டி அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

வெட்டு விளிம்புக்கு அன்றைக்கே துத்தநாகப் பிரைமர் அடியுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் ஒரு ராத்திரி விட்டாலே சிவக்கும். லூவருக்கும் தகட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. ரப்பர் கேஸ்கட். எம் 5 ஸ்டெயின்லெஸ் போல்ட், அகல வாஷர், நைலான் லாக் நட்டு. அலுமினிய லூவர் நேராக இரும்புத் தகட்டைத் தொட்டால் தொட்ட இடம் அரிக்கும், அதற்காகத்தான் கேஸ்கட். பானெட்டுக்கடியில் ஒட்டிய பஞ்சுத் திரையை வெட்டினால் அதன் விளிம்பை அலுமினிய டேப்பால் மூடுங்கள். தொங்கும் பஞ்சு டர்போ மேல் விழுந்தால் தீப்பிடிக்கும்.

8. தண்ணீர்

லூவருக்கு நேர் கீழே என்ன இருக்கிறது? ஆல்டர்னேட்டர், ரிலே பெட்டி, ஏர் ஃபில்டர் வாய், பெட்ரோல் வண்டியில் பிளக் குழிகள். குழியில் தண்ணீர் தேங்கினால் மிஸ் அடிக்கும், பிளக் துருவேறி கழற்றும்போது உடையும். ஓடும்போது மழை பெரிதாக உள்ளே வராது. ஆபத்து நிறுத்தி வைத்த ராத்திரியிலும் வாட்டர் வாஷிலும்தான்.

1 மி.மீ. அலுமினியத் தகட்டில் லூவரைவிட நாலு பக்கமும் 20 மி.மீ. பெரிய தட்டு ஒன்று மடித்து, பானெட்டின் அடியில் 40 மி.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். காற்று ஓரங்கள் வழியே மேலே போகும், தண்ணீர் தட்டில் விழும். தாழ்ந்த மூலையில் 12 மி.மீ. டியூப் மாட்டி சக்கர வளைவுக்குள் விடுங்கள். இடைவெளியைக் குறைத்தால் லூவர் வைத்ததே வீண். மூடும் முன் என்ஜின் மேல் உருண்டையாகக் களிமண் வைத்து பானெட்டை மெதுவாக இறக்கிப் பாருங்கள். தட்டு எங்கே இடிக்கிறதென்று களிமண் காட்டும். மேலே ஸ்டெயின்லெஸ் வலை போட்டால் வேப்பஞ்சருகு உள்ளே போகாது. மரத்தடியில் நிறுத்துபவர்கள் டியூப்பை மாதம் ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டும்.

9. மறுபடி அளவு

அதே சாலை, அதே நேரம், அதே மூன்று நிலை. அணைத்த 15 நிமிடத்தில் எடுக்கும் எண்ணில்தான் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டும்; அடுத்தது நின்ற ஓட்டத்தில். ஓடும்போது காற்றுச் சூடு இறங்கி, கூலண்ட் சூடு மாறாமல் இருந்தால் வேலை சரி. கூலண்ட் ஏறினால் லூவர் வழியே காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம்: டியூப்பை எடுத்து லூவர் மேலேயே ஒட்டிப் பாருங்கள், உறுதியானால் லூவரை மூடும் தகடு ஒன்றை நாலு போல்ட்டில் அடித்துவிட்டு, முன்னால் தள்ளி வேறு இடம் தேடுங்கள். முதல் 500 கி.மீ. ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, லூவரின் மூலைகளில் பெயிண்ட் வெடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.